சாப்பாட்டு அறைப் படத்தில் இருப்பது யார்?

2006 ஜூன் மாதம். ஞாயிறு காலைப் பூசை முடிந்து, கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கட்டடத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்துக்கொண்டிருந்தேன். 'டா வின்சி கோட்' படத்தை இரண்டு மாதம் திரையிடக் கூடாது என்று தமிழக அரசு அப்போதுதான் தடை போட்டிருந்தது. பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. படத்தைப் பார்த்தவர்களோ, அதற்கு மூலமான டான் பிரவுனின் நாவலைப் படித்தவர்களோ அந்த அறையில் யாருமில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், இயேசுவுக்குக் கல்யாணம் ஆகியிருந்துச்சாமே? மகதலா மரியாதான் மனைவியாமே?"

"அதெல்லாம் நம்மளக் கேவலப்படுத்த எழுதுன கதை. அந்தப் புத்தகத்தைக் கையால தொடாதீங்க" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் இரண்டு வாரம் வந்தாள். அப்புறம் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "நான் சண்டை போடக் கேக்கல டீச்சர். தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவள் கேட்ட அன்று அந்த நாவலில் ஒரு வரிகூட நான் படித்திருக்கவில்லை. மகதலா மரியாவைப் பற்றி நற்செய்தியில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்த வாரமே மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பிரதி ஒன்றை வாங்கினேன். இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். புத்தகத்தைக் கீழே வைக்கவிடாத கதைதான், அதை மறுப்பதற்கில்லை. என்னை உறுத்தியது கதை தொடங்குவதற்கு முன்னால் இருந்த ஒரு பக்கம். உண்மைத் தகவல்கள் என்று தலைப்பிட்டு, நாவலில் வரும் ஓவியங்கள், கட்டடங்கள், ஆவணங்கள், ரகசியச் சடங்குகள் பற்றிய வர்ணனை எல்லாம் துல்லியமானவை என்று அதில் போட்டிருந்தது. சயோன் மடம் என்ற ரகசியச் சங்கம் 1099-இல் தோன்றியது என்றும் அதே பக்கம் சொல்கிறது. அந்தப் பெயரில் பிரான்சில் உண்மையிலேயே ஒரு சங்கம் பதிவானது 1956-இல்தான். அதற்குப் பழம்பெருமை காட்டுவதற்காகப் போலி ஆவணங்களைத் தயாரித்துப் பாரீஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இது விசாரித்து வெளிவந்த சங்கதி. கதையைக் கதையாக எழுதியிருந்தால் பிள்ளைகள் கதையாகவே படித்திருப்பார்கள். 'பொன்னியின் செல்வ'னைப் படித்துவிட்டு நந்தினி நிஜமா என்று கேட்காதவர் நம்மில் யார்? கல்கி உண்டாக்கிய பாத்திரம் என்று சொன்னால் தலையாட்டிக்கொண்டு அடுத்த பாகத்துக்குப் போய்விடுவோம். இங்கே முதல் பக்கமே சத்தியம் செய்வதுபோல நிற்கிறது. விடலைப் பிள்ளை எப்படி நம்பாமல் இருக்கும்?

அந்த வருடம் முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் எந்த நாவலை, எந்தப் படத்தை, எந்த வெப் சீரிஸைச் சொல்லிக் கேட்டாலும், கேள்வியைக் கேட்டவர் வார்த்தையிலேயே நோட்டில் எழுதிக்கொள்வேன். "அடுத்த ஞாயிறு பேசுவோம்" என்பேன். அந்த ஒரு வாரத்துக்குள் அவர்கள் படித்ததை நானும் படித்துவிடுவேன். இதில் நான் கண்ட பலன், பிள்ளைகள் அந்த ஒரு வாரமும் கேள்வியை மனதிலேயே வைத்திருக்கிறார்கள். சிலர் தாங்களே தேடி, பாதிப் பதிலோடு வந்து நிற்கிறார்கள்.

முதல் பாடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையிலேயே நடந்தது. நம் வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் இறுதி இராவுணவுப் படம் இருக்கிறதே, அதற்கு மூலம் லியோனார்டோ டா வின்சி 1490-களில் மிலான் நகர மடம் ஒன்றின் உணவுக்கூடச் சுவரில் தீட்டியது. இயேசுவுக்கு வலப்பக்கம் மீசை தாடி இல்லாமல் தலை சாய்த்திருப்பது ஒரு பெண், அவள்தான் மகதலா மரியா என்று நாவலில் ஒரு பாத்திரம் அடித்துச் சொல்கிறது. ஐந்தாறு பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, படத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். எங்கள் படம் சமையல் புகை படிந்து மஞ்சளாகிப்போனது. ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்ததும் முகங்கள் தெளிந்தன.

"எண்ணுங்க" என்றேன். விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணினார்கள். பதின்மூன்று. இயேசுவை விட்டால் பன்னிரண்டு, சீடர்களின் கணக்கு சரி. "அது மரியான்னா, யோவான் எங்க?" ஒரு பையன் மேசைக்கடியில் குனிந்து தேடுவதுபோல நடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். யோவானை இளைஞராக, தாடியில்லாமல் வரைவது அந்தக் கால இத்தாலிய ஓவியர்களின் வழக்கம் என்று சொன்னேன். கத்தி பிடித்த கை ஒன்று யாருடையது என்றே தெரியவில்லை என்று நாவல் பயமுறுத்துமே, அதையும் தேடினோம். யூதாசின் பின்னால் இடுப்போரமாக மடங்கிய மணிக்கட்டு, அதிலிருந்து மேலே போனால் பேதுருவின் தோள். ஒரு பெண்பிள்ளை தன் கையை அதேபோல மடக்கிப் பார்த்து, "வலிக்குது டீச்சர், ஆனா முடியுது" என்றாள்.

ஆனால் ஓவியத்தில் பெண் இல்லை என்று காட்டியதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. கல்யாணம் ஆனதா இல்லையா? அதற்கு வேதத்தைத்தான் திறக்க வேண்டும்.

நாங்கள் கத்தோலிக்கர், என் கணவர் வீடு சிஎஸ்ஐ, அதாவது சீர்திருத்தச் சபைகளில் ஒன்றான தென்னிந்தியத் திருச்சபை. அத்தை, அதாவது என் மாமியார், பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். எங்களிடம் இருந்தது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். முதலில் பிள்ளைகளை ஆச்சரியப்படுத்தியது புத்தகங்களின் எண்ணிக்கை. அத்தையின் வேதாகமத்தில் 66, எங்களுடையதில் 73. "அப்ப ஏழு புத்தகத்தை யாரோ ஒளிச்சுட்டாங்களா?" என்று ஒருவன் உடனே கேட்டான். நாவல் வேலை செய்கிறது! தோபித்து, மக்கபேயர் போன்றவை கிரேக்க மொழிப் பழைய ஏற்பாட்டில் இருந்தவை, எபிரேயப் பட்டியலில் இல்லாதவை, சீர்திருத்தச் சபைகள் எபிரேயப் பட்டியலை எடுத்துக்கொண்டன என்று விளக்கினேன். இரண்டிலும் புதிய ஏற்பாடு அதே 27 நூல்கள். இரண்டு வகை பைபிளையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பதற்கு இணையான மருந்து இல்லை என்பது என் அனுபவம். ஒளிவுமறைவு ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் பாதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

லூக்கா 8-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை அத்தை வாசித்தார். இயேசுவோடு ஊர் ஊராகப் போன பெண்கள்: மகதலேனா என்னப்பட்ட மரியாள், ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள். வாசித்துவிட்டு அத்தையே சொன்னார்: "பாருங்கடா, யோவன்னாளை இன்னார் பொண்டாட்டின்னு போட்டிருக்கு. மரியாளை ஊர்ப் பேரைச் சொல்லித்தானே போட்டிருக்கு?" மகதலா என்பது கலிலேயக் கடலோர ஊர். மணமான பெண்ணைக் கணவர் பெயரோடு சேர்த்துச் சொல்லும் பட்டியலில், அவ்வளவு பெரிய கணவர் இருந்திருந்தால் அவர் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைப் போடுவார்களா? அத்தை இறையியல் படித்தவரில்லை. ஐம்பது வருடம் கல்யாணப் பத்திரிகைகளைப் படித்தவர், அவ்வளவுதான்.

அப்புறம் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 9-ஆம் அதிகாரம் 5-ஆம் வசனம். ஏறக்குறைய கி.பி. 55-இல் எழுதியது, நற்செய்தி நூல்களுக்கும் முந்தியது. மற்றத் திருத்தூதர்களும் ஆண்டவரின் சகோதரர்களும் கேபாவும் (பேதுருதான்) மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறார்களே, எங்களுக்கு அந்த உரிமை இல்லையா என்று பவுல் கேட்கிறார். இயேசுவுக்கு மனைவி இருந்திருந்தால் பவுலுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா? அவர் அதைச் சொல்லவில்லை. இயேசு மணமாகாதவர் என்று நேரடியாகச் சொல்லும் வசனமும் புதிய ஏற்பாட்டில் கிடையாது. இதையும் பிள்ளைகளிடம் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் பின்னால் தாங்களே கண்டுபிடித்தால், நாம் சொன்ன மற்றதெல்லாம் பொய் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இங்கேதான் எனக்கே ஓர் அடி விழுந்தது. "டீச்சர், மகதலா மரியா விபச்சாரின்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டாள் ஒருத்தி. தேடினோம். லூக்கா 7-இல் பாவியான பெண் ஒருத்தி இயேசுவின் காலைக் கண்ணீரால் கழுவுகிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. யோவான் 12-இல் தைலம் பூசுபவர் பெத்தானியா மரியா. யோவான் 8-இல் கல்லெறியக் கொண்டுவரப்பட்ட பெண்ணுக்கும் பெயர் இல்லை. மகதலா மரியாவிடமிருந்து ஏழு பேய்கள் நீங்கின என்று இருக்கிறது. நான்கு நற்செய்திகளிலும் அவர் கல்லறைக்குப் போகிறார். யோவான் 20-இல் உயிர்த்தவரை முதலில் காண்கிறார். விபச்சாரம் எங்குமே இல்லை.

பிறந்ததிலிருந்து நான் அப்படித்தான் நம்பியிருந்தேன். எங்கிருந்து வந்தது? பாஸ்காவிலிருந்து. எங்கள் சொந்த ஊரில் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை விடிய விடிய நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் சிவப்புப் பட்டும் கை நிறைய வளையலுமாக மதலேன் மரி, அதாவது மகதலா மரியா, வருவாள். ஆர்மோனியம் குத்துப்பாட்டுக்கு மாறும். கூட்டத்தில் விசில் பறக்கும். பிறகு அழுது மனம் திரும்புவாள், என் அம்மாவும் அழுவார். நாவல்காரர் எழுதியது புனைவு என்று கோபப்பட்ட நான், என்னை வளர்த்த புனைவை வேதம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு வேர் உண்டு. திருத்தந்தை முதலாம் கிரகோரி 591-இல் ஒரு மறையுரையில் லூக்கா 7-இன் பாவியான பெண், பெத்தானியா மரியா, மகதலா மரியா என்ற மூன்று பேரையும் ஒருவராக்கிப் பேசினார். மேற்குத் திருச்சபையில் அதுவே நிலைத்துவிட்டது. 1969-இல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோதுதான் கத்தோலிக்கத் திருச்சபை அவர்களைப் பிரித்தது. 2016-இல் ஜூலை 22-ஆம் தேதி அவர் நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு உள்ளதுபோல விழாவாக உயர்த்தியது. மகதலா மரியாவுக்கு அநியாயம் நடந்தது என்று அந்த நாவல் சொல்கிறதே, அந்த ஒரு இடத்தில் அது சரி. இதைப் பிள்ளைகள் முன்னால் ஒத்துக்கொண்ட நாளில்தான் என் வகுப்பு உண்மையில் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

மதுரைப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு அழகர் வருகிறார், தாலி கட்டி முடிந்தது என்று கேள்விப்பட்டதும் கோபித்துக்கொண்டு வண்டியூருக்குப் போய்விடுகிறார் என்றுதான் ஊரே சொல்கிறது. அழகர்கோயில் தலவரலாறு மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க வைகைக்கு வருவதைச் சொல்கிறது. இரண்டும் இந்த மண்ணில் வாழ்கின்றன, ஜனங்கள் இரண்டையும் நேசிக்கிறார்கள். எது ஏட்டில் இருப்பது, எது ஊர் வாயில் இருப்பது என்று தெரிந்துவைத்திருப்பதில் பக்திக்கு ஒரு குறையும் இல்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் தாங்களே பட்டியல் போட ஆரம்பித்தார்கள். ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயுவில் எங்கே இருக்கிறது? ஏவாள் தின்றது ஆப்பிள் என்று யார் சொன்னது? சிலுவைப் பாதையில் இயேசுவின் முகம் துடைத்த வெரோணிக்கா எந்த நற்செய்தியில் வருகிறார்? எதுவும் அப்படி எழுதப்படவில்லை. இப்போது ஒவ்வொரு வருடமும் இந்த விளையாட்டிலிருந்துதான் தொடங்குகிறேன். நம் வீட்டுக் கதைகளை முதலில் சோதித்த பிள்ளைக்கு, வெளியிலிருந்து வரும் கதையைச் சோதிக்கச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

நீசேயா கேள்வி கொஞ்சம் கடினம், ஆனால் தவறாமல் வரும். ரோமப் பேரரசர் கான்ஸ்தந்தீன் 325-இல் நீசேயா நகரில் திருச்சபைத் தலைவர்களின் சங்கத்தைக் கூட்டி, நூலிழை வாக்கு வித்தியாசத்தில் இயேசுவைக் கடவுளாக்கினார், பிடிக்காத நற்செய்திகளைத் தள்ளிவிட்டார் என்பது நாவலின் வாதம். நான் கரும்பலகையில் ஒரு கோடு போட்டு ஆண்டுகளை மட்டும் எழுதுவேன். ஐம்பதுகளில் பவுலின் திருமுகங்கள். பிலிப்பியர் 2-ஆம் அதிகாரம் இயேசுவைக் கடவுள் வடிவில் இருந்தவர் என்று பாடுகிறது. ஏறக்குறைய 112-இல் பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசருக்குக் கடிதம் எழுதுகிறார்: கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று. அவர் கிறிஸ்தவர் அல்ல, அவர்களைத் தண்டித்தவர். அவர் ஆண்ட பித்தினியாவில்தான் நீசேயா இருக்கிறது. சங்கம் கூட இன்னும் இருநூறு வருடம் பாக்கி! ஏறக்குறைய 180-இல் இரேனேயு என்ற ஆயர் நற்செய்தி நான்குதான் என்று எழுதிவிட்டார். 325-இல் கூடிய சுமார் 300 ஆயர்களில் கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்தவர்கள் இரண்டே பேர். அங்கே நடந்த சண்டை இயேசு வெறும் மனிதரா என்பதல்ல. மகன் தந்தைக்கு நிகரானவரா, படைப்புகளுக்கெல்லாம் முந்திப் படைக்கப்பட்டவரா என்பது. எந்தெந்த நூல்கள் வேதம் என்று நீசேயா பேசவே இல்லை. நாம் இன்று வைத்திருக்கும் 27 நூல்களும் அப்படியே ஒரு பட்டியலாக வருவது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவின் 367-ஆம் ஆண்டுக் கடிதத்தில். எபிரேயர், இரண்டாம் பேதுரு, திருவெளிப்பாடு போன்றவை பற்றி அதுவரை இழுபறி இருந்தது. இதையும் பலகையில் எழுதுவேன்.

(ஆயர் என்றால் கத்தோலிக்கருக்கு மறைமாவட்டத் தலைவர், சிஎஸ்ஐக்காரர்களுக்கு உள்ளூர்ச் சபையின் போதகர். 'முந்நூறு ஆயர்கள்' என்று சொன்னால் அத்தை வேறு கணக்குப் போட்டுவிடுவார். கலப்பு வகுப்பு எடுப்பவர்கள் முதலிலேயே தெளிவுபடுத்திவிடுங்கள்.)

எனக்கு மறக்க முடியாதது பிலிப்பு நற்செய்தி. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே மண்ஜாடியில் கிடைத்த கோப்டிக் ஏடுகளில் ஒன்று. மகதலா மரியாவை இயேசு முத்தமிட்டார் என்று அதில் இருப்பதைத்தான் நாவல் பெரிய சாட்சியாக வைக்கிறது. என் கணவரின் சித்தப்பா அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவர். அவரிடம் சொல்லி அந்தப் பகுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பை நகல் எடுத்து வாங்கினேன். சங்கதி இதுதான்: ஏடு அரித்துப்போய், அந்த வாக்கியத்திலேயே ஓட்டை விழுந்திருக்கிறது. எங்கே முத்தமிட்டார் என்ற சொல்லே இல்லை. பதிப்பாசிரியர்கள் பகர அடைப்புக்குள் புள்ளி வைத்திருக்கிறார்கள், அல்லது ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள். நகலைக் கையில் வாங்கிய பிள்ளைகள் அந்த அடைப்பையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நூலை எழுதியவர்களுக்கு முத்தம் ஞானத்தைக் கைமாற்றும் அடையாளம் என்பதும் அதே நூலில் இன்னோர் இடத்தில் தெரிகிறது. கணிப்புப்படி அது இரண்டாம் அல்லது மூன்றாம் நூற்றாண்டு நூல். கதையில் வரும் அறிஞர், 'துணை' என்ற சொல்லுக்கு அரமேயத்தில் மனைவி என்றே பொருள் என்கிறார். ஏடு அரமேயத்திலேயே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் யார் எதைக் கொண்டுவந்தாலும் மூன்று கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. எந்த ஏடு? எப்போது எழுதியது? ஓட்டை எங்கே இருக்கிறது? நம் வேதத்தையும் அதே கேள்விகளோடு படிக்கிறோம். மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும், கல்லெறிய வந்தவர்களின் கதையும் மிகப் பழைய பெரிய கையெழுத்து ஏடுகளான சினாய், வத்திக்கான் ஏடுகளில் இல்லை. முதன்முறை சொன்னபோது எனக்கே நாக்கு உலர்ந்தது. ஒரு பெற்றோர் வந்து, பிள்ளையின் விசுவாசத்தைக் கெடுக்கிறீர்கள் என்று சத்தம்போட்டார். பொறுப்பில் இருந்த ஒருவரும் இனி இதெல்லாம் வேண்டாம் என்றார். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, 2006-இல் எனக்கும் அதே பயம்தான். அந்தப் பெற்றோரை அடுத்த வகுப்பில் வந்து உட்காரச் சொன்னேன். வந்தார். கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். போகும்போது, நான் பலகையில் கோடு போட்டு எழுதும் அந்த ஆண்டு வரிசையை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாப் பிள்ளையும் இதனால் கோயிலுக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். படித்து, யோசித்து, எனக்கு நம்பிக்கை இல்லை டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களோடு இன்றைக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறது. அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணோடு எனக்கு இருந்திராதது அதுதான்.

போன தவக்காலத்துக்கு முன் சொந்த ஊருக்குப் போயிருந்தபோது பாஸ்கா ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வாத்தியாரிடம் லூக்காவையும் யோவானையும் திறந்து காட்டினேன். "ஏம்மா, நாப்பது வருசமா நடக்குற காட்சி. அந்தப் பாட்டு இல்லாட்டி சனம் எந்திரிச்சுப் போயிருமே" என்றார். பாட்டை எடுக்க அவருக்கு மனசில்லை. ரொம்ப நேரம் பேசி, அந்தப் பாத்திரத்தின் பெயரை மட்டும் 'பாவியான பெண்' என்று மாற்ற ஒத்துக்கொண்டார். கல்லறைக் காட்சியில் மதலேன் மரிக்கு வேறு ஒரு பெண்ணை நிறுத்தினார். வெள்ளைச் சேலை, வளையல் இல்லை. விடிகாலை நாலரை மணி இருக்கும். தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தவள், "மரியா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பினாள். பாதித் தூக்கத்தில் இருந்த சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அப்பத்தா என் முழங்கையை இடித்துக் கேட்டார்: "இந்தப் புள்ள யாரு? ராத்திரி ஆடுனவ இல்லையே?"

"இல்ல அப்பத்தா" என்றேன். "அது வேற ஆளு."